வியாழக்கிழமை அடித்த போன்

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதே என்று உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் சொல்லித்தான் வைத்திருப்பார்கள். என் மகள் பிரிஸ்பனில் இருந்துகொண்டு கிழமைக்கு ஒருமுறை அதையே ஓதுகிறாள். வரிக் கந்தோர் என்பான், பார்சல் வந்திருக்கிறது என்பான், வங்கிக் கணக்கைப் பூட்டிவிட்டோம் என்பான், "அம்மா, ஜஸ்ட் டோன்ட் பிக் அப்" என்கிறாள். நான் ஓம் ஓம் என்றுவிட்டு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன கிழமை ஒருவன் என் கணினிக்குள் வைரஸ் புகுந்துவிட்டதென்று பதறினான். என்னிடம் கணினியே இல்லையென்று பச்சைப் பொய் சொல்லி, அவன் ஊரில் மழையா வெயிலா என்று விசாரித்தேன். கடைசியில் அவனே அலுத்துப்போய் வைத்துவிட்டான்.

ஐம்பதைத் தாண்டியவளுக்கு இது என்ன புத்தி என்று கேட்பீர்கள். உங்களில் பலர் என்னைப் போல எட்டு, ஒன்பது வயதில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சிட்னியில் வந்திறங்கியவர்கள். கழுத்தில் வீட்டுக் கதவுத் திறப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் திறப்பு அப்பாவின் பழைய சப்பாத்து லேஸில் தொங்கியது. சட்டைக்கு வெளியே தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. குளிர்காலத்துக் காலையில் அந்த இரும்பு நெஞ்சில் பட்டதும் உடம்பு ஒருமுறை உதறும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடும்.

வீடு வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்தது. இரண்டு அறையுள்ள, மெல்லிய ஃபைப்ரோத் தகட்டு வீடு. சுவர் என்று பெயர்தான். அந்தப் பக்கம் ஒருவர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கேட்கும். ரயில் போகும்போது குசினியில் கரண்டிகள் கிலுகிலுக்கும். அம்மா விடியற்காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வார்ட் கழுவப் போவார். அது முடிய, பரமட்டாவில் ஒரு கந்தோர்க் கட்டடத்தைத் துப்புரவாக்கப் போவார். வீடு திரும்ப ஆறேகாலாகும். அப்பா பிஸ்கட் ஃபக்டரியில் பின்னேர ஷிஃப்ட். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர். நான் திரும்பி வரும்போது அவர் இருக்கமாட்டார். அப்பாவின் சேட்டில் வனிலா வாசம், அம்மாவின் கையில் தரை கழுவும் மருந்து வாசம். ஒருவரும் இல்லாத பின்னேரங்களில் அந்தச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, உடைந்த பிஸ்கட் பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். உடையாத பிஸ்கட்டை நான் முதன்முதலாகச் சாப்பிட்டது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் பிறந்தநாளில்.

பிள்ளையைத் தனியே வீட்டில் விடுவது தெரிந்தால் அரசாங்கத்து வெல்ஃபெயர்காரர் வந்து கொண்டுபோய்விடுவார்கள் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னதோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டுச் சட்டமெல்லாம் பிறந்தது. திரைச்சீலை விலக்கக்கூடாது. லைற் போடக்கூடாது. கதவு தட்டினால் மூச்சு விடக்கூடாது. போன் அடித்தால் எடுக்கக்கூடாது. அதில் மட்டும் ஒரு விலக்கு இருந்தது. இரண்டு தரம் அடித்து நின்று, பிறகு மறுபடி அடித்தால் அது அம்மா, பரமட்டாவிலிருந்து. அதை எடுக்கலாம்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"கதவு பூட்டோ?"

"ஓம்."

"சரி, வாறன்."

என் பின்னேரத்தில் யாரோடாவது நான் கதைத்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது மற்ற அறைக்கு வாடகைக்கு ஒரு அன்ரி வந்தார். அதுவரை அது சாமான் போடும் அறை. அன்ரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சவூதியில், இங்கே கூப்பிடுவதற்குப் பேப்பர் வேலை நடந்துகொண்டிருந்தது. அன்ரிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலெல்லாம் நித்திரை. அன்றைக்கு வேலை இருக்கிறதென்றால் அவரை வேலைக்குப் பிடிக்கும் ஆள் மூன்று தரம் அடித்து வெட்டுவார். எடுக்கத் தேவையில்லை, அதுவே சேதி. ஆக, ஒரு போனுக்கு எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், இரண்டு கணக்கு.

அன்ரியை எழுப்பக்கூடாது என்பதும் சட்டம். ஆனாலும் வீட்டில் ஒரு ஆள் மூச்சு விடுகிறது என்ற நினைப்பே எனக்குப் பெரிய துணை. ஸொக்ஸோடு போய் அவர் கதவடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். ஐந்து மணிபோல் கட்டில் கிறீச்சிடும். உடனே குசினிக்கு ஓடிப்போய், இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தவள் மாதிரிக் கதிரையில் இருப்பேன். அன்ரி தலையை அள்ளி முடிந்துகொண்டு வருவார். தேத்தண்ணீர் ஊற்றி, தன் கோப்பையில் பாதியை எனக்கு ஆற்றித் தருவார். என் தலையை அவிழ்த்து இரட்டைப் பின்னல் பின்னுவார். முதியோர் இல்லத்துக் கிழவிகள் எப்படிக் கதைப்பார்கள் என்று நடித்துக் காட்டுவார். நான் சிரித்துச் சிரித்து விக்குவேன். ஒரு நாளில் ஒரு மணித்தியாலம். அதற்காகத்தான் மிச்ச நேரத்தை இருந்து கழித்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. நான் லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது விஷயம். விடாமல் அடிக்கவே, அன்ரி நித்திரைக் கலக்கத்தில் எழுந்து வந்து எடுத்துவிட்டார். தன் இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னார்: "மதர் வேர்க். ஃபாதர் வேர்க். சைல்ட் ஒன்லி."

அதை நானே அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், அன்ரி இங்கிலீஷ் கதைத்தவ என்று. அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"பிள்ளை தனிய நிக்குது எண்டு ஆராவது சொல்லுவினமே? உமக்கு மூளை இருக்கோ?"

"நித்திரையிலை வாயிலை வந்திட்டுது அக்கா. நானும் வீட்டிலை நிக்கிறன்தானே?"

"நீர் நிண்டென்ன, பிரேதம் மாதிரிக் கிடக்கிறீர். இனிமேல் எங்கட போனை நீர் தொடவேண்டாம். ஆர் அடிச்சாலும் சரி."

அன்ரி உதட்டைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனார். வெல்ஃபெயர்காரர் வரவில்லை. ஒருவருமே வரவில்லை. புத்தகத்தைக் கொடுத்தேன், விஷயம் முடிந்தது. அம்மா மட்டும் இரண்டு கிழமை வீதியில் கார் நின்றாலே திரைச்சீலை ஓரத்தால் பார்த்தார்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நாலு மணியிருக்கும். வெளியே மழை இருட்டு. நான் அன்ரியின் கதவடியில் அப்பாவின் சேட்டுக்குள் குறண்டிக்கொண்டிருந்தேன். ஹோலில் ஸ்டூலின் மேல் இருந்த பச்சை நிறப் போன் அடித்தது. இரண்டு. நிற்கும் என்று பார்த்தேன். மூன்று. சரி, அன்ரிக்கு வேலை. நாலு. ஐந்து.

எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். வெல்ஃபெயர்காரர் இப்படித்தான் அடிப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ரிசீவரில் கையை வைத்தேன். உள்ளே அது அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. எடுக்கவில்லை. நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இரண்டு தரம் அடித்து நின்ற கணக்கில் இது வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மறுபடி நின்றது. மூன்றாம் முறை அடிக்கும்போது ரயில் ஒன்று போனது. ரயில் சத்தம் ஓய்ந்த பிறகும் போன் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டு நின்றேன். பத்தொன்பதாவது தரத்தோடு ஓய்ந்தது.

அன்ரியின் கதவு திறக்கவில்லை. ஐந்து மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது. அன்ரி வந்து தேத்தண்ணீர் ஊற்றினார். போனைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு என் பங்குக்குச் சீனி கூடுதலாகப் போட்டிருந்தார். கிழவிகளைப் போல நடித்துக் காட்டவில்லை.

கொழும்பிலிருந்து போன் வருவதென்றால் ஞாயிறு காலையில்தான் வரும், முன்கூட்டியே கடிதத்தில் எழுதி ஒழுங்கு செய்துதான். அம்மா அந்தப் போனுக்குக் குளித்து, நல்ல சீலை உடுத்து, பொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். மறுமுனையில் இருப்பவர்கள் பார்க்கப்போவதுபோல. அப்பா அதைச் சொல்லிச் சீண்டுவார். அம்மா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அந்த ஞாயிறும் அப்படித்தான் இருந்தார். பேசியது அம்மாவின் தம்பி.

"எப்ப?" என்று கேட்டார் அம்மா. பிறகு, "வியாழக்கிழமையோ? எத்தினை மணிக்கு?"

அம்மாவைப் பெற்ற ஐயாவுக்கு வயிற்றில் கட்டி. ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அதற்கு முதல் நாள், எனக்கு மகளோடு ஒருக்கால் கதைக்கவேணும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். தபால் கந்தோருக்கு ஓட்டோவில் கொண்டுபோய், வரிசையில் காத்திருந்து, மூன்று முறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு, அடிக்குது, அடிக்குது என்று சொல்லிக்கொண்டே நின்றாராம். வேலைக்குப் போயிருப்பாள், பாவம் என்றாராம். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

அம்மா அழுததில் பொட்டுக் கரைந்து கன்னம் வரை இழுபட்டிருந்தது. அழுது முடிந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டிலை ஆர் நிண்டது?"

அந்த நேரம் அப்பா ஃபக்டரியில் என்பது தெரிந்ததுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரம் எங்கிருந்து அது வந்ததென்று இன்றுவரை தெரியாது. "நான் லைப்ரரியிலை நிண்டனான்," என்றேன்.

அன்ரி தன் அறை வாசலில் நின்றார். அம்மா அவரைப் பார்த்தார்.

"அப்ப நீர்தான் நிண்டிருக்கிறீர்."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. "ஓம் அக்கா," என்றார். "நல்ல நித்திரை. எனக்குக் கேட்கேல்லை."

தொடவேண்டாம் என்றது நீங்கள்தானே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டார். என் அம்மா கெட்டவரில்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் அம்மாக்களும் அப்படித்தான் நாளெல்லாம் முறிந்து வேலை செய்தார்கள். ஆனால் அவருக்கு அந்தத் துக்கத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அன்றிலிருந்து குசினியில் அன்ரியின் கோப்பை தனியே கவிழ்ந்து கிடந்தது. மூன்று கிழமையில் அன்ரி பெட்டியைக் கட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அறை வெறுமையாக இருந்தது. என் தலையணையில் ஒரு சோடி சிவப்பு ரிப்பன் வைத்திருந்தார். அதை நான் ஒருநாளும் கட்டவில்லை. பிறகு வீடு மாறியதில் எங்கோ தொலைந்துவிட்டது.

இனி வருவதுதான் எனக்கு இன்னமும் பொறுக்காதது. அன்ரி போன பிறகு அம்மா சட்டத்தை மாற்றினார். "போன் அடிச்சா எடு. ஆர் எண்டாலும் எடு. வெல்ஃபெயர்காரன் எண்டாலும் எடு," என்றார். நான் கதிரையை இழுத்துக்கொண்டுபோய் போனுக்குப் பக்கத்தில் போட்டேன். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் போனைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் புரண்டு படுக்கவில்லை. ஒரு வீடு அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பத்து வயதில் சொல்லவில்லை, இருபதில் சொல்லவில்லை, என் கலியாணத்தில் சொல்லவில்லை, அது முறிந்து நான் தனியே வந்தபோதும் சொல்லவில்லை. அவர் அன்ரியின் பெயரைச் சொல்லமாட்டார், நித்திரைக்காரி என்பார். இரண்டு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "அந்த நித்திரைக்காரி ஒருக்கா எழும்பியிருந்தா," என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். கோழை, என்ன செய்வது. தண்ணி வேணுமோ அம்மா என்று கேட்டேன். அந்தக் கிழமையே அவர் போய்ச் சேர்ந்தார்.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றேன். எனக்கு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் உண்டு. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னும் அந்தத் திறப்பைப் பிடிச்சுக்கொண்டோ நிக்கிறாய்?"

கைத்தடி ஊன்றிய ஒரு வயதான மனுஷி. கண் மட்டும் அதே கண். சொந்தக்காரரின் கலியாணத்துக்கு மெல்பேர்னிலிருந்து வந்திருக்கிறார். வரிசையை விட்டு விலகி, வெளியே மதிலோரம் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். சுகம் விசாரிக்கவில்லை, எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

"அன்ரி, அண்டைக்கு நான் வீட்டிலைதான் நிண்டனான்," என்றேன்.

"தெரியும் பிள்ளை."

"எப்பிடி?"

"அந்த வீட்டுப் பலகை ஸொக்ஸோட நடந்தாலும் கத்தும். நீ எழும்பிப் போனது கேட்டது. போனடியிலை நிண்டதும் கேட்டது."

"நீங்கள் நித்திரை இல்லையோ?"

அன்ரி கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழிப்பு. கட்டிலிலை எழும்பி இருந்தனான். கொம்மா தொடவேண்டாம் எண்டவவெல்லோ? எனக்கும் ரோசம். அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும் எண்டு இருந்தனான். கதவைத் திறந்து, எடு பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பாய்."

"எடுத்திருப்பன்."

"அதுதான் நான் உன்னைக் காட்டிக் குடுக்கேல்லை. நல்ல மனுஷி எண்டு நினைச்சுப்போடாதை. ரெண்டு பேரிலை பெரிய ஆள் நான்."

பிறகு, "கொம்மா எப்பிடி?" என்று அம்மாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அன்ரி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தக் கோயில் வாசலில், இத்தனை வருடமும் தன்னை நித்திரைக்காரி என்று திட்டிய மனுஷிக்காக அழுதார். நானும் அழுதேன். அம்மா செத்தபோது எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

அன்ரியின் புருஷன் வந்து, வாழ்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் ஒரு சின்ன யூனிட் வீட்டில் தனியே இருக்கிறார். கைப்போன் வேண்டாமாம்; குசினிச் சுவரில் ஒரு பழைய போன். நம்பரைத் தரும்போது சொன்னார்: "எனக்கு முழங்கால் ஏலாது. அறையிலை இருந்து வர நேரமெடுக்கும். அடிக்க விடு. வெட்டிப்போடாதை."

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு, என் யூனிட்டில், லைற்றையெல்லாம் போட்டு, திரைச்சீலையை விலக்கிவிட்டு, முகம் கழுவிப் பொட்டும் வைத்துக்கொண்டு, அந்த நம்பரை அழுத்தினேன். அடித்தது. ஐந்து, ஆறு. பத்து. மறுமுனையில் காதோடு வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அடிக்குது, அடிக்குது என்று என் வாயே சொல்லியது. பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பது. அன்றைக்கு ஓய்ந்தது இதோடுதான். வெட்டவில்லை. இருபது, இருபத்தொன்று. எதையோ பிடித்துக்கொண்டு நடக்கும் சத்தம், ரிசீவர் சுவரில் இடிபடும் சத்தம்.

"ஓம் பிள்ளை, வந்திட்டன்," என்றார் அன்ரி. "நிக்கிறியோ?"

"நிக்கிறன் அன்ரி," என்றேன்.